செண்பகம் என்ன ஆனாள்?

நைனா,

உன் கல்யாணப் பத்திரிகையை அச்சடிக்க அரக்கோணம் கிளம்பிய உன் அப்பாவை நேற்றுக் காலை நான்தான் நிறுத்தி வைத்தேன். சலவை வேட்டி கட்டி, பத்திரிகைக்கு எழுதிய வாசகத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, மூக்குக் கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்த மனிதரிடம், "ஒரு வாரம் பொறுங்க" என்றேன். "இன்னாத்துக்கு?" என்றார். "பையனை ஒண்ணு கேக்கணும்" என்றேன். "பொண்ணைப் பார்த்ததே அவன். கட்டுனா இதைத்தான் கட்டுவேன்னு ஒத்தக்கால்ல நின்னவனும் அவன். இனிமே அவனைக் கேக்க இன்னா இருக்குது?" என்று சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தார். பிறகு சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். காரணமில்லாமல் நான் குறுக்கே நிற்பவள் இல்லை என்று அவருக்குத் தெரியும். அந்தக் காரணத்தை அவருக்கு அரைகுறையாகச் சொன்னேன். உனக்கு முழுசாகச் சொல்ல வேண்டும். நேரில் சொன்னால் நீ சிரித்து என் பேச்சை வேறு பக்கம் திருப்பிவிடுவாய். அதனால் எழுதுகிறேன். எட்டாவது வரைக்கும் படித்ததுக்கு இதுவாவது உதவட்டும்.

பயப்படாதே, உன்மேல் எனக்குக் கோபமில்லை. எனக்கு இருப்பதெல்லாம் சில சந்தேகங்கள். அதில் பாதி உன் கதையைப் பற்றியது. மாதாமாதம் நீ அனுப்பும் உங்கள் சிறுவர் பத்திரிகையில் ஒரு பிரதியை நான் வைத்துக்கொள்வேன், இன்னொன்று கடைவீதியில் மாணிக்கத்தின் தேங்காய்க் கடைக்குப் போய்விடும் என்பது உனக்குத் தெரியும். அப்போதெல்லாம் மலைக்கோயிலுக்குப் போகும் கூட்டம் மதியத்தில் குறைந்ததும், மாணிக்கத்தின் மகள் கோமளா கடைக்குள் உட்கார்ந்து உன் 'பவழக் குதிரை'யை உரக்கப் படிப்பாள். பூக்கட்டுகிற பெண்கள், கற்பூரம் பொட்டலம் கட்டுகிற பெண்கள், தெலுங்கு மட்டுமே படிக்கத் தெரிந்த பக்கத்துக் கடை அம்மாள் என்று எல்லாரும் கேட்பார்கள். நம் ஊர் தெலுங்கு மாநிலத்தோடு இருக்குமா, தமிழ் மாநிலத்தோடு சேருமா என்று வெளியே ஆண்கள் சத்தம் போட்டுக்கொண்டிருப்பார்கள். உள்ளே இவர்களுக்கு உன் கதை இளவரசன் மாறவேந்தன் எந்தத் தீவில் இறங்கினான் என்பதுதான் கவலை. நானும் போய் உட்காருவேன். ஏற்கெனவே படித்துவிட்டதைத் திரும்பக் கேட்பதில் எனக்கு ஒரு ருசி. எந்த இடத்தில் யார் மூச்சுப் பிடிக்கிறார்கள், எந்த இடத்தில் கையிலிருக்கும் நூல் நிற்கிறது என்று பார்ப்பேன்.

அப்படிப் பார்த்துத்தான் ஒன்றைக் கண்டுபிடித்தேன். குதிரை பறக்கிற இடத்திலும் அரக்கன் வாய் திறக்கிற இடத்திலும் எல்லாரும் ஒரே மாதிரி கேட்டார்கள். ஆனால் மாறவேந்தன் மாய மை பூசிக்கொண்டு, யார் கண்ணுக்கும் தெரியாமல் இளவரசி முத்தழகியின் குளத்துக்குப் போய், அவள் கழற்றி வைத்த சிலம்பை எடுத்துக்கொண்டு, "என் பெயரைச் சொன்னால்தான் தருவேன்" என்று அவளை அழவிட்ட அத்தியாயம் வந்ததே, அன்றைக்குச் சின்னப் பெண்கள் சிரித்தார்கள், கல்யாணமான பெண்கள் சிரிக்கவில்லை. பூக்கட்டும் நாகம்மா மட்டும், "குடுத்துட்டுப் போயேன்டா" என்று கதையைப் பார்த்தே சொன்னாள். அதற்கு அடுத்த மாதம், முத்தழகியின் தோழி செண்பகம் இளவரசியின் உடையை உடுத்திக்கொண்டு அரக்கனோடு அவன் குகைக்குப் போனாள். இளவரசியும் இளவரசனும் குதிரையில் ஏறிப் பறந்துவிட்டார்கள். அதற்குப் பிறகு வந்த எந்த இதழிலும் செண்பகம் இல்லை. தெலுங்கு அம்மாள் ஒவ்வொரு மாதமும் கேட்பாள், "அந்தப் பொண்ணு குகையிலிருந்து வந்துட்டாளா?" என்று. கோமளா பக்கத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இன்னும் வரலை" என்பாள்.

அதற்கடுத்த பொங்கலுக்கு நீ வந்தபோது உன்னிடமே கேட்டேன். கரும்பைக் கடித்துக்கொண்டே, "அவ தோழிம்மா. இளவரசியைக் காப்பாத்திட்டா. தோழிக்கு அவ்ளோதான் வேலை" என்றாய். "அவளுக்கு அம்மா அப்பா இல்லையா? தேட மாட்டாங்களா?" என்றேன். "எல்லாரையும் தேடிகினு இருந்தா கதை எப்பம்மா நகரும்?" என்றாய். சரி என்று மாறவேந்தனைப் பற்றிக் கேட்டேன். அழுகிற பெண்ணைக் குதிரையில் தூக்கிப்போட்டுக்கொண்டு போனவனை அவளுக்கு எப்படிப் பிடித்தது, எந்த நாளில் பிடித்தது, எனக்கு அந்த இடம் பிடிபடவில்லை என்றேன். "நம்ம மலைமேல இருக்கிறவரே கிழவன் வேஷம் போட்டு, ஆனையை விட்டுப் பயமுறுத்தித்தானே வள்ளியைக் கட்டினாரு" என்று சொல்லி என் வாயை அடைத்துவிட்டாய். அதையும் நான் விடவில்லை, தெரியுமா? நீ பட்டணம் போன பிறகு மலைக்குப் போய், திருநீறு வாங்கும்போது குருக்களிடம், "வள்ளிக்கு ஒரு தோழி இருந்தாளாமே, அவ பேரு இன்னாங்க சாமி?" என்றேன். அவர் தட்டைக் கீழே இறக்கினார். "இத்தனை பேர் வந்திருக்கா, யாரும் கேட்டதில்லையே அம்மா" என்றார். வரிசையில் பின்னால் நின்றவர்கள் என்னைத் தள்ளிவிட்டார்கள்.

இனி கோமளா வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். அவளுக்கு வரன் வந்து தட்டிப்போனது என்று மட்டும் உனக்கு அப்போது எழுதியிருந்தேன். கோமளாவை உனக்கு நன்றாகத் தெரியும். ராஜம்மாவைத் தெரியுமா? யோசித்துப் பார். மாணிக்கத்தின் தங்கை மகள். தாய் தகப்பன் இரண்டு பேரும் இல்லாமல், மணவூரில் சித்தப்பா வீட்டில் அடியும் உதையுமாக இருந்தவளை மாணிக்கம் கூட்டிக்கொண்டு வந்து கோமளாவுக்குத் துணையாக வைத்துக்கொண்டார். நீ இங்கே இருந்தபோதே வந்துவிட்டாள். நம் வீட்டுக் கிணற்றில்தான் தண்ணீர் எடுப்பாள். கோமளா போகிற இடமெல்லாம் ஓரடி பின்னால் போவாள். கோமளா கதை படிக்கும்போது அவள் தேங்காய் நார் உரித்துக்கொண்டிருப்பாள். உனக்கு முகம் ஞாபகம் வரவில்லை என்றால் ஆச்சரியப்பட மாட்டேன்.

சிலம்பு அத்தியாயம் வந்ததற்கு அடுத்த வருஷம் சித்திரையில், ஒரு செவ்வாய்க்கிழமை, கோமளாவும் ராஜம்மாவும் மலைக்குப் போனார்கள். படிக்கட்டின் கீழே செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு ஏறினார்கள். இறங்கி வந்தபோது கோமளாவின் செருப்பைக் காணோம். ரைஸ்மில்காரர் மகன் தேவராஜு அதைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றான். அவன் அதற்கு முன்பே ஒரு வருஷத்துக்கும் மேலாக அவள் பின்னால் வந்துகொண்டிருந்தவன். கடையில் சாமான் வாங்குகிறவன் போல நின்று அவள் கதை படிப்பதைக் கேட்பவன். "என் பேரைச் சொல்லு, குடுத்துடறேன்" என்றான். உச்சி வெயில். கல் கொதித்துக்கொண்டிருந்தது. இவள் பேசாமல் நடந்தாள். அவன் செருப்பை ஆட்டிக்கொண்டே கடைவீதி வரைக்கும் கூடவே வந்தான். பார்த்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். "கதையில வர மாதிரியே இருக்குது" என்று யாரோ சொன்னார்களாம். கடை வாசலுக்கு வந்ததும், அழுகையை அடக்கிக்கொண்டு, கோமளா அவன் பெயரைச் சொன்னாள். அவன் செருப்பைக் கீழே வைத்துவிட்டு, கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனான். அன்று சாயங்காலமே ஊர் முழுக்க அதுதான் பேச்சு. "எவ்ளோ ஆசை பார்றா அந்தப் பையனுக்கு!" என்றார்கள்.

மறுநாள் கோமளா என்னிடம் வந்தாள். நான் அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன். சும்மா வந்தவள் போல எதிரே உட்கார்ந்து, முறத்திலிருந்து கல்லைப் பொறுக்கிக்கொண்டே, "அத்தை, ஒருத்தன் இவ்ளோ தூரம் பின்னாடி வந்துகினு இருக்கான்னா, பிரியம் இல்லாமலா வருவான்?" என்று கேட்டாள்.

"அவனுக்குப் பிரியம் இருக்கட்டும். உனக்கு?"

"தெரியலை. அவன் வந்து நின்னா படிக்கிற வரி தப்பிப்போவுது."

"பயமா, ஆசையா?"

"ரெண்டுக்கும் இன்னா அத்தை வித்தியாசம்? முத்தழகியும் மொதல்ல அழுதுகினுதானே இருந்தா. அப்புறந்தானே அவளுக்கே தெரிஞ்சுது."

நான் முறத்தைக் கீழே வைத்துவிட்டேன், கண்ணு. உன் கதை அவளுக்கு ஒரு வழி சொல்லியிருந்தது. இப்போது பயமாக இருப்பது அப்புறம் ஆசையாக மாறும், மாறுகிற வரைக்கும் பொறுத்துக்கொள் என்று. அது எந்தக் கணக்கில் மாறும் என்று அவள் என்னைக் கேட்டாள். உன் அப்பாவோடு இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியும் எனக்கு அதற்குப் பதில் தெரியவில்லை, ஏனென்றால் உன் அப்பாவைப் பார்த்து நான் ஒருநாளும் பயந்தது கிடையாது. கல்யாணத்துக்கு முந்தி ஒரு தடவை அவர் எங்கள் வீட்டுக்கு வந்தபோது நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். "வெளிய வர இஷ்டம் இல்லைன்னா விடுங்க, இன்னொரு நாள் வர்றேன்" என்று எங்கள் அப்பாவிடம் சொல்லிவிட்டுப் போனார். அந்த இன்னொரு நாள் வரைக்கும் நான் அந்தக் குரலையே நினைத்துக்கொண்டிருந்தேன். இதையெல்லாம் கோமளாவிடம் சொன்னேன். "ஆங்" என்று கேட்டுக்கொண்டாள். ஆனால் குதிரையும் குகையும் உள்ள கதைக்கு முன்னால் எங்கள் கதை எங்கே நிற்கும்?

அதற்குள் ரைஸ்மில் வீட்டிலிருந்து ஆள் வந்துவிட்டது. மாணிக்கத்துக்குத் தலைகால் புரியவில்லை. தேங்காய்க் கடைக்காரன் வீட்டில் அவ்வளவு பெரிய இடம் வந்து பெண் கேட்கிறது. பூ வைக்க நாள் குறித்தார்கள். அந்த நாட்களில் ஒருநாள் காலை ராஜம்மா தண்ணீர் எடுக்க வந்தாள். குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, பாதத்தை முழுசாக ஊன்றாமல் குதிகாலிலேயே நடந்து போனாள். "உன் காலுக்கு இன்னா ஆச்சு?" என்றேன். "ஒண்ணும் இல்லை அத்தை" என்றாள். உட்காரச் சொல்லிப் பார்த்தேன். உள்ளங்கால் தோல் உரிந்து, கொப்புளம் உடைந்து, சீழ் பிடித்திருந்தது. துருவிக் கேட்டபோதுதான் தெரிந்தது, அன்று கொதிக்கிற கல்லில் தன் செருப்பைக் கழற்றி கோமளா காலில் மாட்டிவிட்டு, வெறுங்காலோடு நடந்தவள் அவள்தான். ஊர் முழுக்க அந்தக் கதையைச் சொன்னது. ஒருத்தர் வாயிலும் இது வரவில்லை. கோமளாவே இதை என்னிடம் சொல்லவில்லை. மறைத்தாள் என்று நினைக்காதே. அவளுக்கு அது தோன்றவே இல்லை.

வேப்பிலை அரைத்துப் போட்டுக்கொண்டே கேட்டேன். எனக்கு நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும் போல இருந்தது. "ராஜம்மா, நீ தினமும் கூடவே போறியே. அந்தப் பையன் எப்படி?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "என்னையா கேக்கறீங்க?"

"உன்னைத்தான்."

 பச்சிலையின் எரிச்சல் அடங்குகிற வரைக்கும் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாக, "கோமளா இருந்தா ஒரு மாதிரி பேசுவான் அத்தை. அவ கொஞ்சம் முன்னாடி போயிட்டா வேற மாதிரி. அவளைப் பத்தி நான் ஏதாவது சொல்லிகினே இருக்கணும், எங்க போறா, இன்னா பண்றான்னு. சொல்லலைன்னு ஒரு நாள் கையைப் புடிச்சித் திருப்பிட்டான். 'அவகிட்ட என்னைப் பத்தி நல்லதா சொல்லு, இல்லைன்னா மூட்டை கட்டி மணவூருக்கே ரயில் ஏத்திடுவேன்'னான்" என்றாள். "இதைக் கோமளாகிட்ட சொன்னியா?" என்றேன். "எப்படி அத்தை? அவ சந்தோஷமா இருக்காளா, பயந்துகினு இருக்காளான்னே எனக்குத் தெரியலை. நான் சொல்லி, அது தப்பாப் போயிட்டா, நான் எங்க போவேன்?" என்றாள்.

நானே போய் மாணிக்கத்திடம் சொல்லியிருக்கலாம். ஆனால் அது என் பேச்சாகிவிடும், எனக்கு ரைஸ்மில்காரர் வீட்டோடு என்ன பகை என்று ஆராய ஆரம்பித்துவிடுவார்கள். "நீயே சொல்லு. மணவூருக்குப் போகச் சொன்னா, நேரா என் ஊட்டுக்கு வா" என்று மட்டும் சொன்னேன். அன்றைக்கே சொல்லியிருக்கிறாள். கோமளா நம்பவில்லை. "எனக்குப் பெரிய இடம் வருதுன்னு உனக்குப் பொறாமை" என்று சொல்லிவிட்டாளாம். அதற்கப்புறம் ராஜம்மா வாயே திறக்கவில்லை. தண்ணீர் எடுக்க வரும்போதும் என் முகத்தைப் பார்க்கவில்லை.  பேசாமல் இருந்த பெண்ணைப் பேசச் சொல்லி, இருந்த ஒரு நிழலையும் கெடுத்துவிட்டேனோ என்று இருந்தது.

பூ வைக்கிற அன்று நானும் போயிருந்தேன். அதற்கு மாப்பிள்ளை வருகிற வழக்கமில்லை, ஆனால் தேவராஜு வந்திருந்தான். வெள்ளை வெளேரென்று உடுத்திக்கொண்டு, கைக்கடிகாரத்தைத் திருகிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். தட்டில் மல்லிகையும் புடவையும் பழமும் வைத்திருந்தார்கள். அவன் அம்மா பூவை எடுத்துக்கொண்டு கோமளாவிடம் வந்தபோது, கோமளா தலையைக் குனிந்தவள் சட்டென்று நிமிர்ந்தாள். அவனைப் பார்த்து, தெளிவாக, "ஒண்ணு கேக்கணும்" என்றாள். எல்லாருக்கும் வேடிக்கையாக இருந்தது. "கேளேன்" என்று சிரித்தான்.

"கல்யாணத்துக்கப்புறம் ராஜம்மா கொஞ்ச நாள் எங்கூட வந்து இருக்கலாமா?"

"ராஜம்மாவா? அது யாரு?" என்றான்.

அவன் நடிக்கவில்லை. அவள் பெயர் அவனுக்கு நிஜமாகவே தெரியவில்லை. அவள் பின்னால் ஒரு வருஷத்துக்குமேல் சுற்றியிருக்கிறான், அந்த ஒரு வருஷமும் ராஜம்மா இரண்டு பேருக்கும் நடுவில் நடந்திருக்கிறாள். காப்பித் தட்டோடு கதவோரம் நின்றவளைக் கோமளா கை காட்டினாள். "ஓ, இதுவா!" என்றான். "இதெல்லாம் எதுக்கு அங்க?"

ராஜம்மா தட்டைக் கீழே வைத்தாள். அவள் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை. "என் கையைத் திருப்பினது நீதானே?" என்றாள்.

அவன் முகம் மாறியதை எல்லாரும் பார்த்தோம். நாற்காலியிலிருந்து எழுந்து, "ஏய், வாயை மூடு! மூட்டை கட்டி மணவூருக்கே ரயில் ஏத்திடுவேன்" என்று கத்தினான். ராஜம்மா சொன்னபோது கோமளா நம்பாத வார்த்தை, அப்படியே, அவன் வாயாலேயே வந்துவிட்டது.  அவன் அம்மா கையில் பூச்சரம் பாதி பிரிந்து தொங்கியது. கோமளா அதை அவரிடமிருந்து மெதுவாக வாங்கி, தட்டில் திரும்ப வைத்தாள். "எனக்கு வேண்டாம் நைனா" என்று மாணிக்கத்திடம் சொன்னாள். மாணிக்கம் கெட்டியான மனுஷர் இல்லை, உனக்குத் தெரியும். வியாபாரி, யாரையும் பகைத்துக்கொள்ளாதவர். அவர் ராஜம்மாவின் கட்டுப்போட்ட காலையே பார்த்துக்கொண்டிருந்தார். தன் தங்கை ஞாபகம் வந்ததோ என்னவோ. பிறகு எழுந்து, கைகூப்பி, "பூவை எடுத்துகினு போங்க" என்றார்.

எல்லாம் நல்லபடி முடிந்தது என்று சொல்ல மாட்டேன். ரைஸ்மில் ஆட்கள் கடைக்கு வருவதை நிறுத்தினார்கள், பேசவேண்டாததெல்லாம் பேசினார்கள். கோமளாவுக்கு வேறு வரன் வரவில்லை. அவள் கொஞ்ச நாள் கதை படிப்பதையும் விட்டுவிட்டாள். அப்புறம் வாத்தியார் வேலைக்குப் படிக்கிறேன் என்று திருவள்ளூர் போய், இப்போது பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லித் தருகிறாள். நாளெல்லாம் கத்தித் தொண்டை போய்விட்டது என்று சிரிக்கிறாள். ராஜம்மாவிடம் அவள் மன்னிப்புக் கேட்டாளா என்று எனக்குத் தெரியாது. அடுத்த வெயிலில் இரண்டு பேரும் புதுச் செருப்போடு ஒன்றாக நடந்து போனதைப் பார்த்தேன். முன்னே பின்னே இல்லை.

ராஜம்மாவைப் பற்றித்தான் எனக்குப் பெரிய ஆச்சரியம். ஒருநாள் கிணற்றடியில், "உனக்குன்னு மனசுல யாராவது இருக்காங்களா?" என்று கேட்டேன். சும்மா கேட்டேன். அவள் வாளியைக் கிணற்றுக்குள் விட்டுவிட்டுச் சிரித்த சிரிப்பு இருக்கிறதே! ஆர்.கே.பேட்டையிலிருந்து வாரா வாரம் கடைக்குத் துண்டு கொண்டுவந்து போடுகிற நெசவுக்காரப் பையன். முதல் தடவை வந்தபோதே, "உங்க பேரு இன்னாங்க?" என்று கேட்டானாம். கொஞ்ச மாதம் கழித்து, "உங்களைக் கட்டிக்க ஆசை. உங்களுக்கு இஷ்டமா?" என்று கேட்டிருக்கிறான். இவள் இல்லை என்று சொல்லிவிட்டாள். "ஏன்டி?" என்றேன். "இல்லைன்னு சொன்னா இன்னா பண்ணுவான்னு பார்க்கணும்போல இருந்துச்சி அத்தை" என்றாள். அவன் சரி என்று சொல்லிவிட்டுப் போனான். அடுத்த வாரமும் துண்டு கொண்டுவந்தான். அதே மாதிரி பேசினான், அதே மாதிரி கிளம்பினான். முகத்தைத் தூக்கவில்லை, முறைக்கவில்லை, திரும்பக் கேட்கவுமில்லை. மழைக்காலம் முழுக்க இவள் பார்த்தாள். தை பிறந்ததும் இவளே போய், "இன்னும் இஷ்டம் இருக்குதா?" என்று கேட்டாளாம். அவர்கள் கல்யாணம் மலைமேல் நடந்தபோது நீ வரவில்லை. பத்திரிகை வேலை என்று எழுதியிருந்தாய். இத்தனை கதை அவளுக்குள் இருந்திருக்கிறது. தேங்காய் நார் உரித்துக்கொண்டு ஒரு ஓரத்தில் இருந்ததால் யாரும் பார்க்கவில்லை. செண்பகத்துக்கும் இப்படி ஒன்று இருக்கும் என்று எனக்கு அன்றிலிருந்து தோன்றிக்கொண்டே இருக்கிறது. அரக்கனோடு போகிற தைரியம் அவளுக்கு எங்கிருந்து வந்தது என்று நீயாவது அவளைக் கேட்டிருக்கிறாயா?

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன். ஆடிக் கிருத்திகைக்கு வந்தபோது படியிறங்கிய ஒரு பெண்ணை, இந்த அலமேலுவை, பார்த்தாய். பின்னாலேயே போய், அவள் ஏறிய பஸ்ஸில் ஏறி, பொதட்டூர்பேட்டையில் இறங்கி, தெரு வரைக்கும் போய் வீட்டைக் கண்டுபிடித்தாய். அடுத்த வாரமும் போய் நின்றாய். "அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள், கோபத்தில் இன்னும் அழகாக இருந்தாள், இவளைத் தவிர வேறு யாரையும் கட்டமாட்டேன்" என்று உன் அப்பாவுக்கு எழுதினாய். விசாரித்தால் அவர்கள் நமக்குத் தூரத்துச் சொந்தமாக இருந்தார்கள், பட்டணத்தில் வேலை என்றதும் பெண்ணின் அப்பா சம்மதித்தார், உன் அப்பாவுக்கு ஒரே சந்தோஷம். அந்த எழுத்தை நான் திரும்பத் திரும்பப் படித்தேன். நீ தேவராஜு இல்லை. எறும்பு வரிசையைக் கண்டால் சுற்றிக்கொண்டு போகிற பிள்ளை நீ. எனக்குத் தெரியும். ஆனால் தேவராஜுவின் அம்மாவுக்கும் தன் பிள்ளையைப் பற்றி இப்படித்தான் தெரிந்திருக்கும். பூச்சரத்தைப் பிடித்துக்கொண்டு அவர் நின்ற நிலை எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது.

அதனால் போன வியாழக்கிழமை, கல்யாணத்துக்குத் துணி எடுக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு, பஸ் ஏறி பொதட்டூர்பேட்டைக்குப் போனேன். தெரு முழுக்கத் தறிச் சத்தம். அதற்கு மேலே பேச வேண்டியிருந்தது. அலமேலுவின் அண்ணி கதவைத் திறந்தாள். ஆடிக் கிருத்திகை அன்று அந்தப் பெண்ணோடு கூட வந்தவள் அவள்தான். நீ அவளைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை. முதலில் அவளைத்தான் கேட்டேன். "பஸ்ல வழியெல்லாம் அலமேலு என் கையைப் புடிச்சிகினே வந்துச்சிங்க. இறங்கினப்புறம் நேரா ஊட்டுக்கு வராம ரெண்டு தெரு சுத்திகினு வந்தோம். அப்படியும் பின்னாடியே வந்தாரு" என்றாள். பிறகு, "இதை யாரும் எங்கிட்ட கேக்கலைங்க. அவரு எழுத்தாளராமே, பெரிய இடம்னு மாமா சொல்லிட்டாரு" என்றாள்.

அலமேலு உள்ளேயிருந்து வந்தாள். நீ எழுதியதைவிட அழகு, அதை ஒத்துக்கொள்கிறேன். நான் மாமியாராகப் போகிறவள் என்று அவள் நடுங்கவில்லை. நேரே உட்கார்ந்தாள். "என் பிள்ளையைக் கட்டிக்க உனக்கு இஷ்டமாம்மா? இல்லைன்னா எங்கிட்ட சொல்லு, உங்க நைனாகிட்ட நான் பேசிக்கிறேன்" என்றேன்.  "அன்னைக்குப் பயமாத்தான் இருந்துச்சி. ஆனா அவரு எழுதறதைப் படிச்சிகினுதான் இருக்கேன். கதை பிடிக்கும். எங்க ஊட்டாண்ட பசங்களுக்கு நான்தான் படிச்சிக் காட்டுவேன்" என்றாள். "அப்ப இஷ்டமா?" என்றேன். "ஆங்னும் சொல்லலை, இல்லைன்னும் சொல்லலை. அவரை ஒண்ணு கேக்கணும். பதிலைக் கேட்டுட்டுச் சொல்றேன்" என்றாள். என்ன கேள்வி என்று நான் எத்தனையோ விதமாகக் கேட்டுப் பார்த்தேன். செண்பகத்தைப் பற்றியா என்றுகூடக் கேட்டேன். சிரித்தாள், சொல்லவில்லை. "உங்ககிட்ட சொன்னா நீங்க அவருக்கு எழுதிடுவீங்க. அவரு பதிலை யோசிச்சி வச்சிகினு வந்துடுவாரு" என்றாள். கெட்டிக்காரிதான்.

ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் போ, கண்ணு. வருவதாக அவர்களிடம் சொல்லி வைத்திருக்கிறேன். நேரே வாசலில் நின்று குரல் கொடுத்து, கூப்பிட்ட பிறகு உள்ளே போ. அவள் அண்ணி பேரு சுசீலா, அவளுக்கும் ஒரு வணக்கம் சொல்லு. உன் கதைகளில் வருகிற மாதிரி எதுவும் பேசாதே. அவள் கேட்பதற்கு உனக்குத் தெரிந்ததைச் சொல்லு, தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லு. அவள் இல்லை என்றால், சரிம்மா என்று சொல்லிவிட்டு எழுந்து, பஸ் ஏறி இங்கே வா. சோறு வைத்திருப்பேன். ஆங் என்றாலும் இங்கேயே வா. அவள் என்ன கேட்டாள் என்பதை மட்டும் முதலில் என்னிடம் சொல்லிவிட்டு, அப்புறம் சாப்பிடக் கையைக் கழுவு.

அம்மா